கிழமைக்கு ஒரு நாள், பின்னேரம் நாலரை மணி: முதியோர் இல்லத்தில் இருப்பவரைத் தனிமையில் விடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கொழும்புப் பக்கம் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ முதியோர் இல்லம் தேடிப் போகும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: அறையோடு சேர்ந்த குளியலறை இருக்கிறதா, இரவில் தாதி நிற்பாரா, சைவச் சாப்பாட்டைத் தனியாகச் சமைப்பார்களா, மாதம் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு. எல்லாம் கேட்க வேண்டியவைதான். அம்மா இங்கே யாரோடு கதைப்பார் என்று மட்டும் அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. ஆறேழு மாதம் போன பிறகு, பிரஷர் ஏறுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, நடை தளர்ந்துவிட்டது என்று ஒவ்வொரு வைத்தியராக ஓடித் திரிகிறோம். அந்த ஆறேழு மாதத்தில் அவர் ஒரு நாளைக்கு எத்தனை வசனம் பேசினார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இல்லத்தில் விட்டது சரியா பிழையா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. விட்டாயிற்று, அல்லது விடப் போகிறீர்கள். இனி என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். வீட்டிலேயே சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

துணை இல்லாவிட்டால் உடம்புக்கு என்ன?

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 2010 இல் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் கூட்டாளிகளும் 148 ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். உறவும் பழக்கமும் பலமாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட 50 வீதம் அதிகமாக இருந்தது. 2025 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு ஒன்று, தனிமையோடு தொடர்புள்ள மரணங்கள் வருடத்துக்கு ஏறக்குறைய 871,000 என்று கணக்கிட்டது. மறதி நோய் பற்றிய லான்செட் ஆணைக்குழு 2024 இல் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சமூகத்திலிருந்து ஒதுங்கியிருப்பது, காது கேளாமை, கவனிக்கப்படாத பார்வைக் குறைவு, மனச்சோர்வு ஆகிய நான்கும் அதில் உண்டு. ஏதாவது ஓர் இல்லத்துக்குப் போய்ப் பாருங்கள், இந்த நான்கையும் ஒரே கட்டிலில் சேர்ந்து காணலாம்.

சரி, இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தனிமையில் இருப்பவருக்கு நோய் வருகிறது என்பது போலவே, நோய் வந்தவர் ஒதுங்கிப் போகிறார் என்பதும் உண்மை. எது முதல் என்று பிரித்துச் சொல்வது ஆராய்ச்சியாளர்களுக்கே கஷ்டம். அதனால் கதைக்க ஆள் கிடைத்தால் சீனி வருத்தம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுப்பதால், நம் கைக்கு எட்டுகிற பக்கத்தைப் பிடிப்பதில் நட்டம் இல்லை.

உடம்புக்குள் நடப்பது ஓரளவு தெரிந்ததுதான். நீண்ட நாள் தனிமை, உடம்பை எந்நேரமும் காவல் நிலையிலேயே வைத்திருக்கிறது. கோர்ட்டிசோல் போன்ற அழுத்த ஹோர்மோன்கள், இரத்த அழுத்தம், உள்ளழற்சி எல்லாம் அதோடு சேர்ந்து அசைகின்றன, நித்திரை துண்டு துண்டாகிறது. ஆனால் இல்லங்களில் நான் கூடுதலாகக் கவனித்தது இதைவிடச் சாதாரணமான சங்கதி. தனியாகச் சாப்பிடுபவர் இரண்டு இடியப்பத்தோடு கையைக் கழுவிவிடுவார், பக்கத்தில் ஒருவர் இருந்து கதைத்தால் நாலு போகும். கதைக்கப் போவதற்காக ஹோல் வரை நடக்கிறவருக்குக் கால் இருக்கும். போக இடமில்லாதவர் கட்டிலிலேயே இருந்து, மூன்று மாதத்தில் எழும்பவே ஆள் வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிடுவார். தண்ணீர் குடிப்பதும் அப்படித்தான், யாராவது எடுத்துக் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னால்தான் குடிப்பார்கள். எல்லாவற்றையும்விட, கதைத்துப் பழகிய ஒருவர்தான் இன்றைக்கு இவருடைய பேச்சு வேறு மாதிரி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பார். பாரிசவாதத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் முக்கியம்.

இன்னொன்று. இருபது பேர் இருக்கிற இல்லத்தில் எப்படித் தனிமை வரும் என்று கேட்பார்கள். ஆட்கள் இருப்பதும் துணை இருப்பதும் வேறு வேறு. சிலர் நாள் முழுக்கப் பேசாமல் இருந்தும் நிறைவாக இருப்பார்கள், சிலர் கூட்டத்தின் நடுவே தவித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் வட்டமாக உட்கார வைத்துக் கைதட்டச் சொல்வது வைத்தியம் ஆகாது. உங்கள் ஆள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், இல்லத்துக்குத் தெரியாது. அதைச் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

முதலில் காது, கண், பல்

சொந்தக்காரரைத் திரட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அப்பா யாரோடும் சேர மாட்டேன் என்கிறார், சிடுசிடுக்கிறார் என்றால், பத்தில் பாதிக்கு அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தொடங்கலாம். காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஒரு வைத்தியர் எட்டிப் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. கருவி ஏற்கெனவே இருந்தால் அது லாச்சியில் கிடக்கிறதா, பேட்டரி செத்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்; பேட்டரி மாற்றுவதை ஒரு பராமரிப்பாளருக்குச் செய்து காட்டி, எந்தக் கிழமையில் மாற்ற வேண்டும் என்று கலண்டரில் குறித்துக் கொடுங்கள். 2023 இல் வெளியான அமெரிக்காவின் அச்சீவ் ஆய்வில், மறதி நோய் வரும் ஆபத்து அதிகமாக இருந்த முதியவர்களுக்குக் காது கேட்கும் கருவியும் அதற்கான பயிற்சியும் கொடுத்தபோது மூன்று வருடத்தில் அறிவாற்றல் குறையும் வேகம் 48 வீதம் தணிந்தது. மற்றவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கதைக்கும்போது காதுக்குள் கத்தாதீர்கள். வயதில் முதலில் போவது கீச்சுச் சத்தம் கேட்கிற திறன், அதனால் குரலைத் தாழ்த்தி, முகத்துக்கு நேரே இருந்து, மெதுவாகச் சொன்னால் போதும். ஹோலில் ஓடுகிற டிவியை முதலில் நிறுத்துங்கள். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை, அநேகமாக அதை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

கண்புரை இருந்தால் அதை வயசு என்று விட்டுவிடாதீர்கள். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, வெட்டிச் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காக ஒரு மனிதர் எதிரே வருபவரின் முகம் தெரியாமல் வருடக்கணக்கில் இருப்பது அநியாயம். கட்டுப்பல் தளர்ந்திருந்தால் அவர் மற்றவர்களோடு இருந்து சாப்பிட மாட்டார், வெட்கம். சிறுநீர் கசிகிற பயம் இருந்தால் ஓட்டோவில் ஏற மாட்டார், கோயிலுக்கும் வரமாட்டார், காரணத்தை உங்களிடம் சொல்லவும் மாட்டார்; "எனக்கு ஏலாது, நீ போய்ட்டு வா" என்பார். தண்ணீர் போகக் கொடுக்கும் குளிசையை வெளியே போகும் நாளில் எத்தனை மணிக்குக் கொடுக்கலாம் என்று வைத்தியரைக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் வெளியே வரத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மறைக்காதீர்கள்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நம் ஆட்கள் பெற்றவரை இல்லத்தில் விட்டதை ஒளிக்கிறார்கள். "அம்மா தங்கச்சியோட யாழ்ப்பாணத்தில நிக்கிறா", "கனடா போய்ட்டா" என்று சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பிள்ளைகள் இருந்தும் இல்லத்தில் விட்டுவிட்டார்கள் என்ற கதை கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் சுற்றும். அதற்குக் கொடுக்கிற விலை என்ன தெரியுமா? அவரைத் தேடி வரக்கூடிய முப்பது பேருக்கு அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. நாற்பது வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவர், கூடப் படிப்பித்த டீச்சர், வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் சந்தித்தவர்கள், எல்லாரும் ஒரே நாளில் அறுந்து போகிறார்கள். பிறகு வருபவர் நீங்கள் ஒருவர்தான், உங்களுக்கும் வேலை, டிராபிக், பிள்ளையின் டியூஷன்.

அதனால் அவரிடமே கேளுங்கள்: யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம். அவர் பெயர் சொன்னவர்களுக்கு நீங்களே போன் எடுத்து, இன்ன இடத்தில் இருக்கிறார், பஸ்ஸில் வந்தால் இந்த ஹோல்டில் இறங்குங்கள், இத்தனை மணிக்குள் பார்க்கலாம் என்று விவரமாகச் சொல்லுங்கள். "நேரம் கிடைச்சா போய்ப் பாருங்கோ" என்று சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். வாயால் எதுவும் பேசிவிட்டுப் போகட்டும் ஊர்.

இன்னும் சேர்க்கவில்லை என்றால், இடம் பார்ப்பதிலும் இது உதவும். மாலபேயில் மரமும் புல்லுமாக இருக்கிற அழகான இல்லத்தைவிட, காலி வீதியிலிருந்து நடந்து போகக்கூடிய, 100 ஆம் 101 ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு வயசான சிநேகிதி தானாக வந்து இறங்கக்கூடிய, கொஞ்சம் நெருக்கடியான இல்லத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். எத்தனை தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், மேசையில் சேர்ந்து சாப்பிடுகிறார்களா கட்டிலுக்குக் கொண்டு வந்து கொடுக்கிறார்களா, வெளியே கூட்டிப் போக விடுவார்களா, சொந்த போன் வைத்திருக்கலாமா என்று கேளுங்கள். இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. பின்னேரம் நாலு மணிபோல் சொல்லாமல் ஒரு முறை போய்ப் பார்த்தால், பேப்பரில் உள்ளதைவிட நிறையத் தெரியும்: எத்தனை பேர் சுவரைப் பார்த்தபடி இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சில இடங்களில் முதல் ஒரு மாதம் வராதீர்கள், வந்தால் பழக மாட்டார் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புது இடத்தில் கைவிடப்பட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு மாதம் கிடப்பது பழக்கம் ஆகாது. குறுகிய நேரம், அடிக்கடி வருகிறேன் என்று மேட்ரனிடம் பணிவாகப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் குறித்துப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு முதியோர் விடுதிக்குப் பல்கலைக்கழக மாணவர்களை அனுப்பினார். சிலருக்கு மாணவர் எப்போது வருவார், எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைத் தாங்களே தீர்மானிக்க முடிந்தது. சிலருக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது. சிலரிடம் நினைத்த நேரத்தில் போனார்கள், சிலரிடம் போகவே இல்லை. வருகை எப்போது என்று தெரிந்த முதல் இரண்டு குழுவினரும் உடம்பாலும் மனத்தாலும் நன்றாக இருந்தார்கள். திடீரென்று வந்த வருகை வராததைவிடப் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. அப்புறம் மாணவர்கள் போவது நின்றது. பிறகு போய்ப் பார்த்தபோது, நன்றாக இருந்த அதே முதல் இரண்டு குழுவினர்தான் கூடுதலாகச் சரிந்திருந்தார்கள்.

சிறிய ஆய்வுதான், ஆனால் எந்த இல்லத்து மேட்ரனிடம் சொன்னாலும் ஆமாம் என்பார். ஆகவே தொடர்ந்து செய்யக்கூடிய அளவை மட்டும் தொடங்குங்கள். முதல் மாதம் தினமும் போய், மூன்றாம் மாதம் காணாமல் போவதைவிட, வியாழக்கிழமை நாலரை மணி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்கப் போவது மேல். குளிசைக்கு நேரம் எழுதி வைத்திருப்பது போல இதையும் கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். புதன்கிழமையே அவர் தலை இழுத்து, எந்தச் சேலை என்று பார்க்கத் தொடங்குவார். காத்திருப்பதற்கு ஒன்று இருப்பதில்தான் பாதிப் பலன். வர முடியாத நாளில் முதல் நாளே அறிவியுங்கள், அவரிடம் நேரடியாக.

ஒருவரே எல்லா நாளும் போவதை நான் விரும்புவதில்லை, போகிறவரும் களைத்துவிடுவார். கொழும்பிலிருக்கும் மருமக்கள், பெறாமக்கள், பழைய அயலவர் என்று நாலு பேரைச் சேர்த்து வட்ஸ்அப் குரூப் ஒன்று போட்டு ஆளுக்கொரு நாள் பிரித்துவிடுங்கள். குரூப்பை நடத்த ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அது "குட் மோர்னிங்" படங்களால் நிரம்பிவிடும். கட்டிலடியில் ஒரு கொப்பி வையுங்கள். வந்தவர் இரண்டு வரி எழுதட்டும்: இன்றைக்கு நல்லூர்த் தேர் பற்றிக் கதைத்தோம், வலது முழங்கால் நோகிறது என்றார், கறுவாத் தேத்தண்ணீர் கேட்டார். அடுத்த ஆள் வந்து அதிலிருந்தே தொடங்கலாம். "சாப்பிட்டீங்களா, குளிச்சீங்களா, நித்திரை கொண்டீங்களா" என்ற மூன்று கேள்வியோடு பேச்சு முடிந்துபோகாது. ஆறு மாதத்துக்குப் பிறகு வைத்தியருக்கும் அந்தக் கொப்பி பிரயோசனப்படும்.

இருமல், காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், அன்றைக்கு போன் போதும். கொவிட் காலத்தில் கதவு மூடியிருந்தபோது என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் போனில் கதைக்கும் பழக்கத்தை நல்ல காலத்திலேயே ஏற்படுத்தி வையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

கொழும்பில் பின்னேரம் 4.30 என்பது ஒரு நல்ல நேரம். கோடைக்காலத்தில் அது ரொறன்ரோவில் காலை 7 மணி, லண்டனில் மத்தியானம் 12, அங்கே குளிர்காலமாயிருக்கும் சிட்னியில் இரவு 9. இங்கே தேத்தண்ணீர் குடித்து, உடம்பு கழுவி, கொஞ்சம் தெளிவாக இருக்கும் வேளை. ஆனால் நவம்பரில் கனடாக்காரர் மணிக்கூட்டைத் திருப்பினால் 4.30 அங்கே காலை 6 மணி ஆகிவிடும், அப்போது பலர் பேசாமல் கோலை ஒரு மணித்தியாலம் தள்ளிவிடுவார்கள். அவருக்கு அது தெரியாது, போன் கையில் இருக்க 4.30 இலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று நீங்கள் ஆறு மணிக்கு எழும்புங்கள், அல்லது இனிமேல் 5.30 என்று முன்னதாகவே சொல்லி எழுதி ஒட்டச் செய்யுங்கள்.

வீடியோ கோல் எடுத்தால் உங்கள் முகத்தில் வெளிச்சம் விழ இருங்கள், ஒரு நேரத்தில் ஒரு ஆள் கதையுங்கள். ஏழு பேர் சேர்ந்து ஒரே சின்னத் திரையில் "அம்மம்மா! அம்மம்மா!" என்று கத்துவது பிள்ளைகளுக்குச் சந்தோஷம், அம்மம்மாவுக்குத் தலையிடி. பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராவிட்டால் ஒரு வேலையைக் கொடுங்கள்: கீறிய படத்தைக் காட்டட்டும், நாய்க்குட்டியைக் காட்டட்டும், ஒரு தேவாரத்தில் இரண்டு அடியை அவரிடம் கேட்டுப் பாடமாக்கட்டும். கடைசியாகச் சொன்னதுதான் நல்லது, ஏனென்றால் அதில் அம்மம்மா டீச்சர்.

காசு அனுப்புகிறவர்கள் அதில் ஒரு பங்கை ஆளுக்காக ஒதுக்குங்கள். ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியை, கம்பஸ் முடித்து வேலை தேடும் ஒரு பிள்ளை, கிழமையில் இரண்டு பின்னேரம் வந்து பேப்பர் வாசித்து, சேர்ந்து நடந்துவிட்டுப் போகலாம். பெரிய டிவி வாங்கிக் கொடுப்பதைவிட இது பிரயோசனம்.

அவருக்கும் கொடுக்க ஒன்று இருக்க வேண்டும்

நாள் முழுக்க மற்றவர் கையை எதிர்பார்த்திருப்பதே ஒரு வருத்தம். 1976 இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து இல்லம் ஒன்றில் ஒரு பகுதியினருக்குச் சின்னச் சின்னத் தெரிவுகளையும், தாங்களே தண்ணீர் ஊற்றி வளர்க்க ஒரு செடியையும் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்குச் செடியைத் தாதிகள் பார்த்துக்கொண்டார்கள். முதல் பகுதியினர் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் மாறினார்கள் என்று எழுதினார்கள். ஆட்தொகை சிறிது, கணக்கைப் பற்றிப் பிறகு விவாதங்களும் வந்தன. எப்படியானாலும் ஒரு துளசிச் சட்டி வைத்துக் கொடுப்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

மேட்ரனிடம் கேட்டுப் பாருங்கள்: பூசைக்குப் பூக் கட்டுவது, கீரை ஆய்வது, துவாய் மடிப்பது, கண் தெரியாத பக்கத்துக் கட்டில்காரருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது. வீரகேசரியில் மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் வாசிப்பார்கள், அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்; யார் எந்த ஊர், யார் யாருக்குச் சொந்தம் என்று ஒரு மணித்தியாலம் உற்சாகமாகக் கதை ஓடும். ஆண்களைக் கதைக்க வைப்பது கஷ்டம், சும்மா எதிரே உட்கார்ந்து "எப்பிடி இருக்கிறீங்கள்" என்றால் "இருக்கிறன்" என்று முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பொருள் வேண்டும்: 304 விளையாட ஒரு கட்டு சீட்டு, கரம் போர்ட், கிரிக்கெட், அல்லது திட்டுவதற்கு ஓர் அரசாங்கம்.

இதோடு ஒரு விஷயம். கொழும்பில் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுப்பது வழக்கம். நல்ல காரியம். ஆனால் அநேகம் பேர் வந்து, பரிமாறி, படம் எடுத்து, அரை மணித்தியாலத்தில் வானில் ஏறிவிடுகிறார்கள். அடுத்த முறை உங்கள் வீட்டார் கொடுக்கும்போது நீங்களும் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு மேசையில் இருந்து சாப்பிடுங்கள். யாருடைய திவசமோ அவரைப் பற்றிச் சொல்லுங்கள். படம் எடுப்பதென்றால் முதலில் கேளுங்கள், மறைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு என்று மேலேயே சொன்னேன்.

மொழி

கொழும்பு இல்லங்களில் பராமரிப்பவர்கள் பலர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ பதுளைத் தோட்டத்திலிருந்தோ பிள்ளையோடு வந்து சேர்ந்த ஆச்சிக்கு ஒரு சொல் சிங்களம் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவருக்கும், மறதி நோய் வந்தால் பிற்காலத்தில் படித்த மொழி முதலில் கழன்று, தாய்மொழி மட்டும் நிற்பது சாதாரணம். அரசாங்க வேலையில் முப்பது வருடம் சிங்களத்தில் கடிதம் எழுதியவர் திடீரென்று தமிழில் மட்டும் பதில் சொல்லத் தொடங்குவார், பிடிவாதம் என்று நினைப்பார்கள்.

ஒரு மட்டையில் பதினைந்து சொற்களை எழுதிக் கட்டிலுக்கு மேலே தொங்கவிடுங்கள், தமிழ் உச்சரிப்பைச் சிங்கள எழுத்தில் எழுதி, பக்கத்தில் சிங்களக் கருத்தோடு: தண்ணீர், நோகுது, குளிருது, பசிக்குது, பாத்ரூம், பயமா இருக்கு, பிள்ளை எப்ப வரும். ஆச்சிக்கு இரண்டு சொல் சொல்லிக் கொடுங்கள், வத்துர என்றால் தண்ணீர், ரிதெனவா என்றால் நோகிறது. அவர் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள். ஆசிரியையாக இருந்தவரை டீச்சர் என்று கூப்பிட்டால் முதுகு நிமிரும். பராமரிக்கிற பிள்ளைகளின் பெயரை நீங்களும் கேட்டு ஞாபகம் வைத்திருங்கள், ஊர் எது என்று விசாரியுங்கள். நீங்கள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இருக்கிறீர்கள், அந்தப் பிள்ளை பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறது.

ஞாபகம் மங்கியவரோடு

"நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். கதவில் வரும்போதே "பெரியம்மா, நான் குட்டி வந்திருக்கிறன்" என்று பெயரைச் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி நடிக்கிற கஷ்டம் இருக்காது. இறந்துபோன கணவரைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்குங்கள், அது போதும். பாட்டு கடைசி வரை நிற்கும். பெயர் மறந்தவர்கள் தேவாரத்தையோ கோயில் கீதத்தையோ இரண்டாம் அடியிலிருந்து தாங்களே எடுத்துப் பாடுவதைப் பார்த்திருக்கிறேன். தலை இழுத்து விடுங்கள், நகம் வெட்டி விடுங்கள், பேச்சு இல்லாவிட்டாலும் அது பேச்சுதான். போய்ட்டு வாறன் என்று பத்து முறை சொல்லி அழ வைக்காமல், சாப்பாட்டு நேரம் வரும்போது அவரை மேசைக்குக் கொண்டு போய் இருத்திவிட்டுக் கிளம்புங்கள். கொழும்பு 10 இல் லங்கா அல்சைமர்ஸ் ஃபவுண்டேஷன் இருக்கிறது, மறதி நோயுள்ளவர்களின் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறார்கள்.

எதைக் கவனிப்பது

கண்ணாடி போடாமல் இருப்பது, பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடப்பது, பகலில் நித்திரை, சட்டை தொளதொளப்பது, எதைக் கேட்டாலும் "என்னத்துக்கு" என்பது. வயசானவர்களின் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு, வயிற்று நோவாகவும் சாப்பாட்டு வெறுப்பாகவும்தான் கூடுதலாக வரும். அதற்கு மருந்து இருக்கிறது, துணையால் மட்டும் சமாளிக்கலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். ஆனால் நேற்று வரை நன்றாகக் கதைத்தவர் ஒரே நாளில் குழம்பி, ஒதுங்கிப் போனால் அதைத் தனிமை என்று நினைக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்று, மருந்து மாற்றம், உப்புக் குறைவு என்று காரணம் இருக்கும், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பக்கத்துக் கட்டில்காரர் இறந்தால் பல இடங்களில் வைத்தியசாலைக்குப் போய்விட்டார் என்று சொல்லி மூடிவிடுவார்கள். கட்டில் மாறியதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் செத்த வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது அன்றைக்கு ஒரு விளக்கு ஏற்றி வையுங்கள். அடுத்த சில கிழமைகளில் வருகையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இல்லம் மாற்ற வேண்டி வந்தால், பொருட்களைக் கட்டுவதற்கு முன் அவர் அங்கே யாரோடு சேர்ந்து தேத்தண்ணீர் குடித்தார் என்று விசாரியுங்கள். அந்த ஆளின் பிள்ளைகளின் போன் இலக்கத்தை வாங்குங்கள், இரண்டு பேரையும் வைத்து ஒரு படம் எடுத்து இருவருக்கும் கழுவிக் கொடுங்கள், புது இடத்துக்குப் போய் முதல் கிழமையிலேயே இருவரையும் போனில் கதைக்க விடுங்கள். பிறகு மாதத்தில் ஒரு நாள், ஓட்டோவுக்குக் காசு நீங்கள் கொடுத்து, ஒருவரை மற்றவரிடம் கூட்டிப் போங்கள். பின்னேரம் நாலரைக்குப் பிறகு என்றால் வெயிலும் இருக்காது.